சதுப்பு மரியாதை

தோர்டிஸ் சதுப்பு மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பிழிகிறார். விரலிடுக்கில் வழியும் தண்ணீர் தேநீர் நிறமா, கறுப்புக் குழம்பா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பிறகு இரும்புக் கோலின் நுனியில் ஒட்டி வந்த சாம்பல் மண்ணில் கடுகளவு கிள்ளி, முன்பற்களுக்கு நடுவில் வைத்து மெதுவாகக் கடிக்கிறார். நறநறத்தால் வண்டல். வழுக்கினால் களிமண். கடல் ஒரு காலத்தில் எதுவரை வந்து திரும்பியது என்பது இப்படித்தான் அவருக்கு முதலில் தெரியவரும்.

“இதுக்குன்னு ஒரு கருவி இருக்குமே?” என்று கேட்டான் யூஸ்டைன். மின்கம்பி நிறுவனத்தின் இளம் பொறியாளன். தெற்கிலிருந்து வந்தவன். அவனுடைய புது பூட்ஸுக்குள் காலையிலேயே தண்ணீர் போய்விட்டிருந்தது.

“இருக்கு. கார்ல இருக்கு.” தோர்டிஸ் மண்ணைத் துப்பினார். “பல்லு வாயிலேயே இருக்கு.”

நார்வேயின் வடகோடிக் கரையில் எங்கே ஒரு சாலையோ, கல்குவாரியோ, மின்கம்பமோ வரப்போகிறது என்றாலும், அதற்கு முன்னால் தோர்டிஸ் அங்கே போயிருப்பார். என்ன செடி வளர்கிறது, எந்தப் பறவை முட்டையிடுகிறது, பழைய வைக்கோல் கொட்டகையின் அடிக்கல் எங்கே புதைந்திருக்கிறது, கலைமான் மேய்த்தவர்கள் எங்கே அடுப்பு மூட்டினார்கள், இன்றைக்கு அந்த இடத்தை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்றெல்லாம் பார்த்து, கேட்டு, வரைபடத்தில் வண்ணம் தீட்டி மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுப்பார். அதை வைத்துத்தான் சாலை எந்தப் பக்கம் வளையலாம் என்று பேசுவார்கள்.

ஐம்பதைத் தாண்டியவர். சமையலறைக் கத்தரியால் தானே வெட்டிக்கொண்ட தலைமுடி. வாங்கும்போது பச்சையாக இருந்த மழைக்கோட்டு இப்போது எந்த நிறம் என்று சொல்ல முடியாது. அதன் பையில் காய்ந்த மீன் துண்டு எப்போதும் கிடக்கும், யோசிக்கும்போது மெல்லுவார். கழுத்தில் ஷூ லேசில் கட்டிய பூதக்கண்ணாடி. தங்கையின் கல்யாணத்தன்று பட்டு உடுப்பின் மேலும் அது தொங்கியது. கழற்ற மறந்துவிட்டேன் என்பார். அவருடைய கணவர் ஹில்மார் இதை ஒப்புக்கொள்வதில்லை. “மறக்கவெல்லாம் இல்ல. அந்தத் தேவாலயத்துச் சுவர்ல இருக்கற பாசிய எப்படியாவது பாத்துடணும்னு வந்தா.”

ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் தோர்டிஸ் வாயைத் திறக்கமாட்டார். சுருக்கென்று மூச்சை உள்ளே இழுப்பார். அந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான். யூஸ்டைன் மட்டும் முதல் வாரம் முழுக்க, இந்த அம்மாளுக்கு எங்கேயோ குத்துகிறது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு வேலையும் அவர் வீட்டுச் சமையலறைத் தரையில் தொடங்கும். வரைபடத் தாள்களை ஒட்டிப் பரப்பிவிட்டு, கம்பளிக் காலுறையோடு அதன்மேல் மண்டியிட்டுக் கிடப்பார். அந்த நாட்களில் ஹில்மார் காபிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வரைபடத்தின் கடலோரமாகவே நடந்து மேசைக்கு வரவேண்டும். மலையில் கால் வைத்தால் திட்டு விழும். எந்தச் சரிவில் பனி கடைசியாக உருகும், எந்தக் குட்டைப் பக்கம் பறவைகள் குஞ்சு பொரிக்கும்வரை போகக்கூடாது, யார் வீட்டு நாய் கடிக்கும், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதையெல்லாம் ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்வார். வெயிலடிக்கும் நாளில் செடிகளைப் பார்ப்பார். மழை நாளில் மனிதர்களை. “வெயில்ல எவன் வீட்ல இருக்கான்? மழை பெஞ்சாத்தான் காபி போடுவாங்க. காபி போட்டாத்தான் பேசுவாங்க.” முதல் நாள் போகிற வீட்டில் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவார். யாராவது அவசரப்படுத்தினால், “சதுப்பு எங்க ஓடப்போகுது?” என்பார்.

அவருடைய வரைபடத்தில் பச்சை உயிர்களுக்கு. பழுப்பு, பழைய கற்களுக்கு. மக்கள் போய்வரும், மேய்க்கும், பறிக்கும், மீன் பிடிக்கும் இடங்களுக்கு நீலம். எதுவும் தெரியாத இடத்துக்குச் சாம்பல். பச்சையையும் பழுப்பையும் அவர் தன் கண்ணை நம்பித் தீட்டுவார். நீலத்தை மட்டும் அப்படிச் செய்யமாட்டார். அங்கே போகிறவர்களே வாய்திறந்து சொன்னால்தான் அது நீலம். கூட்டத்தில் எவராவது எழுந்து ‘இது யார் சொன்னது?’ என்று கேட்டு, ஊரே தலையைக் குனிந்துகொண்டால் அந்த நீலம் அங்கேயே அழிந்துபோகும் என்று அவருக்குத் தெரியும். சாம்பல் இன்னும் மோசம். தெரியவில்லை என்றுதான் அவர் தீட்டுகிறார். சாலை போடுகிறவர்கள் அதைக் காலி என்று படிக்கிறார்கள்.

நீலத்திலேயே கஷ்டமானது முல்த்தெப் பழம்.

சதுப்பில், ஒரு தண்டுக்கு ஒரே ஒரு பழம். பழுத்தால் தேன் நிறம். கிறிஸ்துமஸ் இரவில் அடித்த பாலேட்டில் அதைக் கலந்து வைக்காத வீடு அந்தக் கரையில் இல்லை. எங்கே பறித்தது என்று சொன்ன வீடும் இல்லை. காரை வேண்டுமென்றே வேறு பள்ளத்தாக்கில் நிறுத்திவிட்டு மலை ஏறிக் கடந்து போவார்கள். வாளியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொள்வார்கள். இதில் தோர்டிஸும் சளைத்தவர் இல்லை. ஆகஸ்டில் ஒரு நாள், பழைய அடுப்புக் கற்களைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், வாளி நிறையப் பழத்தோடு திரும்புவார். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் ஹில்மாருக்கு அந்த இடம் தெரியாது. ஒருமுறை பின்னாலேயே போய்ப் பார்த்தார். தோர்டிஸ் அவரைச் சாயங்காலம்வரை மலையைச் சுற்றிச் சுற்றி நடக்கவைத்து, வெறும் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த வருடம் க்ரோவிக் ஊருக்கு அவர் வந்தது அப்படிப்பட்ட ஒரு பழத்தின் பொருட்டு இல்லை; மின்கம்பங்கள் நடுவதற்கு மலைமேல் ஒரு சாலை போட வேண்டியிருந்தது. ஊர், கடலோரத்தில் சிதறிக் கிடக்கும் சில வீடுகள்தான். பின்னால் மலை. மலைமேல் இரண்டு சதுப்புகள். மேற்கே இருப்பது வெண்பரப்பு. கிழக்கே, ஒரு மடிப்புக்குள் மறைந்து கிடப்பது கன்றுப்பள்ளம். நிறுவனத்தின் முதல் திட்டப்படி சாலை வெண்பரப்பின் வழியாகப் போயிற்று.

மழை பிடித்த வாரத்தில் தோர்டிஸ் வீடு வீடாகக் காபி குடித்தார். இரண்டாம் சுற்றில்தான் வரைபடத்தை விரித்தார்.

“முல்த்தெயா?” என்றாள் எல்ஃப்ரிட். மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள்; ஊர்ப் பொதுக்கூடத்தின் சாவி அவளிடம்தான் இருக்கும். “இதில ஒளிக்க என்ன இருக்கு? வெண்பரப்புதான். எங்கம்மா காலத்திலேர்ந்து வெண்பரப்புதான். ஜூன்ல போய்ப் பாரு, பனி விழுந்த மாதிரி இருக்கும், அவ்வளவு பூ.”

“எல்லாரும் அங்கதான் பறிக்கறீங்களா?”

“வேற எங்க போறது? இந்த வாஃபிள் இன்னொண்ணு வச்சுக்கோ. இளைச்சுப் போயிட்டே.”

எதிர்வீட்டு அர்விட் படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவர். எல்ஃப்ரிடோடு பல வருடங்களாகப் பேச்சு இல்லை. ஏதோ வேலிச் சண்டை. அவரும் யோசிக்கவே இல்லை. விரலை வெண்பரப்பின்மேல் வைத்தார். “எழுதிக்கோ. ஆயுசு பூரா இங்கதான்.” பாடகர் குழு நடத்தும் தம்பதியர் அதையே சொன்னார்கள். தபால்காரர் அதையே சொன்னார். எல்லோருடைய குரலிலும் ஒரே தாராளம். ரகசியத்தை விட்டுக்கொடுக்கிறவர்களின் குரலில் அவ்வளவு தாராளம் இருக்காது என்று தோர்டிஸுக்குத் தெரியும். மூச்சை உள்ளே இழுத்து ஆமோதித்தார். நீலம் தீட்டினார்.

மழை விட்டதும் வெண்பரப்புக்குப் போனார். எல்ஃப்ரிட் சொன்னது பொய்யில்லை. எங்கு பார்த்தாலும் வெள்ளைப் பூ. குனிந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து ஒரு பூவைப் பார்த்தார். பத்தடி நகர்ந்து இன்னொன்று. அந்த ஓரம் போய் இன்னொன்று. நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து நின்று, தனியாகவே சிரித்தார்.

பனையில் ஆண் வேறு, பெண் வேறாக நிற்பதுபோல முல்த்தெயிலும் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. வெண்பரப்பு முழுக்க ஆண். மண்ணுக்கடியில் ஒரே வேராக ஓடி, ஒரே செடி அந்தச் சதுப்பு முழுவதையும் பிடித்திருந்தது. ஜூனில் பார்க்கிறவன் மயங்கிப்போவான். ஆகஸ்டில் வாளியோடு வந்தால் ஒரு பழம் கிடைக்காது. வெளியூர்க்காரனை அனுப்பி வைப்பதற்கு இதைவிடத் தோதான சதுப்பு உலகத்திலேயே இருக்காது.

அர்விடோடு கிழக்குப் பக்கம் ஏறியது அதற்கு மறுநாள். பழைய கொட்டகையின் அடிக்கல் ஒன்றைக் காட்டுவதாக அவர்தான் கூட்டிப் போனார். நல்ல வெயில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கன்றுப்பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும், கீழே தூரத்தில் ஒரு சிவப்பு மேல்சட்டை குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. குளிரில் பூ கருகியிருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் அப்படித்தான் குனிவார்கள். அந்தச் சட்டையைத் தோர்டிஸ் எல்ஃப்ரிட் வீட்டு ஆணியில் பார்த்திருந்தார்.

அர்விட் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார். மழைக்கோட்டின் தொப்பியைத் தலைக்கு இழுத்துக் கண்வரைக்கும் விட்டார்.

“மழை வரும்போல,” என்றார் கடலைப் பார்த்து.

யோசிப்பதற்கு முன்பே தோர்டிஸும் திரும்பித் தொப்பியை இழுத்துவிட்டிருந்தார். “வரும்,” என்றார். “மேற்கே கறுக்குது.”

இரண்டு பேரும் கொளுத்தும் வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு, வராத மழையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். பின்னால் சிவப்புச் சட்டையும் அதேபோலத் திரும்பி நின்றிருக்கும் என்பதைப் பார்க்காமலே சொல்லலாம். சதுப்பில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால் பார்க்கவில்லை. அங்கே அதுதான் மரியாதை. திரும்பும் வழியில் தோர்டிஸ் பூட்ஸைச் சரிசெய்வதுபோலக் குனிந்து காலடியில் இருந்த ஒரு பூவைப் பார்த்துக்கொண்டார். பெண்.

அடுத்த வாரம் யூஸ்டைன் போன் செய்தான். குரலில் உற்சாகம்.

“உங்க வரைபடம் அருமை. ஊரே வெண்பரப்புல பறிக்குதுன்னு தெரிஞ்சப்புறம் நாங்க அதில கை வைக்கல. சாலையை அப்படியே கிழக்கே தள்ளிட்டோம். அந்தப் பள்ளம் இருக்கு பாருங்க, கன்றுப்பள்ளம், அது வழியா. அங்க உங்க நீலமே இல்லையே. கொஞ்சம் பச்சை, மீதி சாம்பல்.”

தோர்டிஸ் காய்ந்த மீனை மெல்லுவதை நிறுத்தினார்.

“முடிவாயிடுச்சா?”

“திங்கட்கிழமை கையெழுத்து. ஜனங்க சொன்னதைக் கேட்டு மாத்தியிருக்கோம், சந்தோஷப்படுவாங்க இல்ல?”

“அதுக்கு முன்னாடி ஊர்ல ஒரு கூட்டம் போடு. சாலை போற புது வழியை அவங்களுக்குக் காட்டு.”

“அவங்க சொன்னதைத்தானே செஞ்சிருக்கோம்?”

“அதனாலதான்.”

அன்று சமையலறைத் தரையில் வரைபடத்தின்மேல் உட்கார்ந்தபடியே சாப்பிட்டார். ஹில்மார் கடலோரமாக வந்து தட்டை வைத்துவிட்டு நின்றார்.

“நீயே கன்றுப்பள்ளத்தில நீலம் அடிச்சிட வேண்டியதுதானே? உன் கண்ணால பாத்திருக்கே.”

“செடியைப் பாத்தேன், பச்சை அடிச்சாச்சு. முல்த்தெச் செடி மலை பூரா இருக்கு, அதுக்காக ஒருத்தனும் சாலையை வளைக்க மாட்டான். ஆளுங்க போறாங்கன்னு ஆளுங்கதான் சொல்லணும்.”

“அந்தச் சிவப்புச் சட்டை?”

“எந்தச் சிவப்புச் சட்டை?” என்றார் தோர்டிஸ், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

ஹில்மார் தலையை ஆட்டிக்கொண்டார். “கிறுக்குச் சனங்க. வாயைத் திறந்தா இடம் ஊருக்குத் தெரிஞ்சிடும். திறக்கலேன்னா இடமே இருக்காது. நீங்கள்லாம் வெறும் கிண்ணத்தை வச்சுக்கிட்டுத்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போறீங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “உன் இடத்தில நாளைக்கு சாலை வந்தா என்ன செய்வே?” என்று கேட்டார்.

தோர்டிஸ் சாப்பாடு ஆறும்வரை தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லிய முனைப் பேனாக்களையெல்லாம் எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, ஹில்மாரின் கருவிப் பெட்டியைக் கிளற ஆரம்பித்தார்.

கூட்டத்துக்கு ஊர் முழுக்க வந்திருந்தது. எல்ஃப்ரிட் காபி ஊற்றினாள். அர்விட் அவளிடமிருந்து எட்ட, மறுகோடியில் உட்கார்ந்தார். யூஸ்டைன் பெரிய வரைபடத்தைப் பின்சுவரில் மாட்டி, சிவப்புக் கோட்டை விரலால் காட்டிக்கொண்டே போனான். கோடு வெண்பரப்பை விட்டு விலகி, மடிப்பைத் தாண்டி, கன்றுப்பள்ளத்தின் நட்டநடுவே இறங்கியது.

கூடத்தில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

“அந்தப் பக்கம்...” என்று எல்ஃப்ரிட் ஆரம்பித்தாள். “பாறை ஜாஸ்தி இல்லையா?”

“இல்லைங்க. சோதிச்சாச்சு. மண்ணு நல்லா இருக்கு.”

“பனிச்சரிவு வரும்,” என்றார் அர்விட்.

“அதையும் பாத்தோம். அவ்வளவு சரிவே கிடையாது.”

“கழுகு கூடு கட்டியிருக்குன்னு சொன்னாங்களே,” என்றார் தபால்காரர் கூரையைப் பார்த்து.

“எங்க?”

“அதான், எங்கயோ.”

யூஸ்டைன் பொறுமையாகப் புன்னகை செய்தான். “சரி. நேராவே கேட்டுடறேன். கன்றுப்பள்ளத்துக்கு உங்கள்ல யாராவது எதுக்காவது போறீங்களா?”

“நாங்களா?” என்றாள் எல்ஃப்ரிட்.

“சேச்சே,” என்றார் அர்விட்.

“அங்க என்ன இருக்கு போறதுக்கு?” என்றார்கள் பாடகர் தம்பதியர் ஒரே சுதியில்.

யூஸ்டைன் கையை விரித்துத் தோர்டிஸைப் பார்த்தான். ‘நீங்களே கேட்டீர்கள் அல்லவா’ என்பதுபோல. அவன் தன் தாள்களைச் சுருட்ட ஆரம்பித்தபோது தோர்டிஸ் எழுந்தார்.

“அதைச் சுவர்லயே விடு, யூஸ்டைன்.” பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பினார். அவருக்குக் கூட்டத்தில் பேசுவது பிடிக்காது. குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. “நீங்க சொன்னதை நான் அப்படியே தீட்டினேன். ஒருத்தர் சொன்னதையும் மாத்தல. திங்கட்கிழமை கையெழுத்தாயிடும். அதுக்கப்புறம் லாரி வரும். வெண்பரப்புக்கு ஒண்ணும் ஆகாது. அதில எவ்வளவு நல்லாப் பூக்குதுன்னு நானும் போய்ப் பாத்தேன்.” கழுத்தில் தொங்கிய ஷூ லேசைத் தொட்டார். “பூதக்கண்ணாடி வச்சே பாத்தேன்.”

யாரோ இருமினார்கள். அர்விடின் காது சிவந்தது.

எல்ஃப்ரிட் காபிப் பாத்திரத்தை டொக்கென்று மேசைமேல் வைத்தாள். “அப்ப என்ன சொல்ற நீ? எங்களை இங்க, இந்தத் தம்பி முன்னாடி, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டு வாயைத் திறக்கச் சொல்றே. நல்லா இருக்கே! முதல்ல நீ சொல்லேன் பாப்போம். உன் முல்த்தெ எங்க இருக்கு? இதோ இந்தச் சுவர்ல மேப்பு இருக்கு, உங்க ஊரும் ஓரத்தில தெரியுது. வை புள்ளியை!”

கூடம் முழுக்க தோர்டிஸைப் பார்த்தது. அவர் அந்த வரைபடத்தின் ஓரத்தை ஒருமுறை பார்த்தார்.

“வைக்க மாட்டேன்,” என்றார்.

“ஏனாம்?”

“கட்டின புருஷனுக்கே காட்டல. உனக்கா காட்டுவேன்?”

முதலில் சிரித்தது அர்விட். பிறகு தபால்காரர். அப்புறம் எல்ஃப்ரிடே, விழுந்து விழுந்து, இடுப்பில் கட்டிய ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை. யூஸ்டைன் மட்டும் எதற்கென்று புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

“என்கிட்ட நீ கேக்கக் கூடாது,” என்றார் தோர்டிஸ், சிரிப்பு அடங்கியதும். “நானும் உன்கிட்ட கேக்கப் போறதில்ல. பாக்கவும் போறதில்ல.” மழைக்கோட்டின் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். ஹில்மார் பலகையில் அடையாளம் வைக்கிற பேனா. முனை கட்டைவிரல் பருமன் இருந்தது. “இதில ஒரு புள்ளி வச்சா பாதி மலை அதுக்குள்ள அடங்கிடும். எந்தக் குட்டை, எந்தப் பாறை ஓரம்னு எவனாலயும் சொல்ல முடியாது. பேர் வேண்டாம். வைக்கறவங்க வைக்கலாம். வைக்காதவங்க வாஃபிள் சாப்பிடலாம்.”

“இது முறையான ஆய்வுதானா?” என்று யூஸ்டைன் தாழ்ந்த குரலில் கேட்டான். “யார் வச்சாங்கன்னு நமக்குத் தெரியணுமே.”

“இந்த ஊர் வச்சதுன்னு தெரியும். இங்க வேற யாரும் இல்ல. உன் நாற்காலியைத் திருப்பிப் போடு.”

“எந்தப் பக்கம்?”

“கடல் பக்கம்.”

தோர்டிஸ் தன் நாற்காலியைத் தூக்கி, பின்சுவருக்கு முதுகு காட்டி, சன்னலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டார். யூஸ்டைன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய கை வலிக்க ஆரம்பித்திருக்க வேண்டும், ஆனால் இறக்கவில்லை. பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இன்னொன்று. ஒவ்வொன்றாக, கூடத்தில் இருந்த நாற்காலிகள் எல்லாம் கடலைப் பார்த்துத் திரும்பின.

வெளியே கண் கூசும் வெயில். தண்ணீர் தகடுபோலக் கிடந்தது.

“மழை வரும்போல,” என்றார் அர்விட், யாரிடமும் என்றில்லாமல்.

“வராம எங்க போகும்,” என்றது தபால்காரரின் குரல்.

“மேற்கே கறுத்துக்கிட்டு வருது.”

“துணியை எடுக்கணும்.”

பேனா தோர்டிஸின் விரலை விட்டுப் போயிற்று. யார் எடுத்தது என்று தெரியவில்லை. பலகைத் தரையில் காலடிகள், நின்றன, ஈர முனை தாளில் அழுந்துகிற சத்தம், திரும்பின. வேறு காலடிகள். தடுமாறிப் போன ஒரு ஜோடி, விறுவிறுவென்று போன ஒரு ஜோடி. பேச்சு மட்டும் நிற்கவேயில்லை. மழை எப்போது பிடிக்கும், எத்தனை நாள் நீடிக்கும், போன வருடத்து மழை எப்படி என்று ஊரே சன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. யூஸ்டைன் ஒருமுறை வானத்தையும் ஒருமுறை தோர்டிஸையும் பார்த்தான். அப்புறம் அவனும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “காத்தும் அடிக்கும்னு நினைக்கறேன்,” என்றான். “அடிக்கும், தம்பி, அடிக்கும்,” என்றார் அர்விட் பிரியமாக.

கடைசிக் காலடிகள் சுவருக்குப் போய் நின்றன. இந்த முறை பேனாவின் சத்தம் கேட்கவில்லை. பிறகு பின்னாலிருந்து, அடக்கிக்கொள்ள முடியாத எரிச்சலோடு, எல்ஃப்ரிடின் குரல் வந்தது.

“கன்றுப்பள்ளத்தில இடமே இல்லையே! எல்லாரும் இங்கதான் வச்சிருக்கீங்க. நான் எங்க வைக்கறது?”

ஒருவரும் திரும்பவில்லை. ஒருவருக்கும் காது கேட்கவில்லை. முன்வரிசையில் அர்விட் சன்னலைப் பார்த்து மிகவும் கவனமாக உட்கார்ந்திருந்தார்.

தோர்டிஸ் ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்தைப் பார்த்தபடியே, மழைக்கோட்டின் தொப்பியை எடுத்துக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.